டிசம்பர் முப்பத்தொன்றின் எல்லை

அன்று காலையிலிருந்தே அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னலுக்குப் போகத் தோன்றியது. ஜன்னலுக்குப் போனால் தண்ணீர் குடிக்கத் தோன்றியது. தண்ணீரை ஊற்றிய பிறகுதான் தாகமே இல்லை என்று தெரிந்தது. பாடநூல் அச்சகத்தின் வரைபடப் பிரிவில் எல்லைக் கோடு போடுவது அவள் வேலை. கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் கோட்டம்மா. கை பிசகாமல் கோடு போடுவதற்காகக் கிடைத்த பட்டம் அது. அந்தக் கை அன்று தம்ளரைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

எல்லாம் தம்பி விஷயம்தான். புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. நீங்கள் பிறந்தபோது உங்கள் ஊர் எந்த நாட்டில் இருந்ததோ, நீங்கள் அந்த நாட்டு ஆள். வேறு நாட்டு ஆள் என்றால் மாதக் கடைசிக்குள் மூட்டை கட்ட வேண்டும். சட்டம் போட்டவர்களுக்கு என்ன, ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த நாட்டின் எல்லை ஒரு காலத்திலும் சும்மா இருந்ததில்லை. போர் வந்தால் நகரும், சமாதானம் பேச உட்கார்ந்தால் இன்னும் வேகமாக நகரும். உள்ளே இருக்கும் மாகாணங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆட்சிக்கு ஆட்சி சேர்ந்தன, பிரிந்தன. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று இருந்தது, ஏழாகி, மறுபடி ஐந்தில் வந்து நின்றது.

இதில் அதிகம் அடிபட்டது அக்காவும் தம்பியும் பிறந்த துறைமுக ஊர். அவள் ஒரு ஏப்ரலில் பிறந்தாள். அப்போது ஊர் பக்கத்து நாட்டுக்குச் சொந்தம். அதே வருடம் ஆகஸ்டில் இந்த நாட்டோடு சேர்ந்தது. சில வருடம் கழித்து ஒரு ஜூனில் தம்பி பிறந்தான். அந்த நவம்பரிலேயே ஊர் மறுபடி கைவிட்டுப் போனது. அப்பா பெட்டி படுக்கையோடு குடும்பத்தை இந்தப் பக்கம் கூட்டி வந்துவிட்டார். "நான் அதே கட்டில்லதான் படுத்திருந்தேன், நாடுதான் வந்து வந்து போச்சு" என்று அம்மா கடைசிவரை சொல்லிச் சிரித்தாள்.

வரைபடப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு படம்தான். நடுவில் எல்லை எத்தனை ஆட்டம் போட்டாலும், டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி எது எங்கே இருந்ததோ அதுதான் அந்த வருடத்துப் படம். அங்கே எல்லோருக்கும் அது அத்துப்படி என்பதால், படங்களைத் தொகுத்த புத்தகத்தில் யாரும் அதை அச்சடிக்கவில்லை. குடியுரிமை அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அந்தப் புத்தகத்தைப் புரட்டினார். தம்பி பிறந்த வருடத்துப் படத்தில் ஊர் எல்லைக்கு வெளியே இருந்தது. விசாரணைக்கு வா என்று ஓலை வந்துவிட்டது.

இந்த வழக்கத்தை எடுத்துச் சொன்னால் தம்பி தப்பித்துவிடுவான். ஆனால் படத்தை விட்டுத் தேதியைப் பார்க்க ஆரம்பித்தால் அவள் மாட்டிக்கொள்வாள். படத்தின்படி அக்கா உள்ளே, தம்பி வெளியே. தேதியின்படி தம்பி உள்ளே, அக்கா வெளியே. சில நாட்களாக இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தும் இருவரும் ஒரே பக்கம் நிற்கிற வழி தென்படவில்லை. கேட்கப்போவது தம்பி விஷயம்தானே, நம்மை யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு நப்பாசை மட்டும் இருந்தது.

மதியம் தம்பி அச்சக வாசலுக்கு வந்தான். லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் டெஸ்டர், விரலில் கிரீஸ்.

"ஏண்டா, சட்டையாவது மாத்திட்டு வரக்கூடாதா?"

"வேலை செய்யறவன்னு தெரியட்டும்க்கா. நான் மேலயும் கீழயும் போறவன். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனதே இல்ல, என்னைப் போய் பிடிச்சிருக்காங்க பாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் வேகமாக நடந்தார்கள். அலுவலகத்தில் முன்மேசைக்காரர் முகவரியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தம்பி குடியிருக்கும் தெரு போன மாதம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டதாம், அங்கேதான் விசாரணையாம்.

"தெரு எப்பக்கா போச்சு? காலையில அங்கதானே பல் தேய்ச்சேன்?" என்றான் தம்பி. அந்த எல்லைக் கோட்டையும் அவள்தான் போட்டிருந்தாள். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். தம்பி போனில் மகளின் வீடியோவைக் காட்டினான். சுவரைப் பிடித்து எழுந்து, இரண்டு எட்டு வைத்துப் பொத்தென்று உட்காரும் குழந்தை. "நேத்துதான் நடக்க ஆரம்பிச்சா" என்று மறுபடி மறுபடி ஓட்டிக் காட்டினான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

இரண்டாவது அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி கண்டிப்பானவள், ஆனால் காது கொடுத்துக் கேட்டாள். கோட்டம்மா தன் அடையாள அட்டையை மேசைமேல் வைத்து, டிசம்பர் வழக்கத்தை விளக்கினாள். தம்பி பிறந்த வருடத்துப் படத்தின் அடியில், குமாஸ்தா கவனிக்காமல் விட்ட 'நவம்பரில் பிரிந்தது' என்ற சின்னக் குறிப்பையும் காட்டினாள். அதிகாரி குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் தலையசைத்தாள்.

"நீங்க சொல்றது நியாயம்தான். ஜூன்ல பிறந்தவருக்கு டிசம்பர் படத்தைப் பார்த்தது தப்பு. தேதிய வெச்சே முடிவு பண்ணலாம்."

தம்பி மூச்சை விட்டான். அதிகாரி பேனாவை எடுத்தாள், உடனே வைத்துவிட்டாள்.

"நீங்க கூடப்பிறந்த அக்காவா?"

"ஆமா மேடம்."

"அதே ஊர்லதான் பிறந்தீங்களா?"

"ஆமா."

அதிகாரி அட்டையைத் திருப்பி, பிறந்த தேதியைப் படித்தாள். பிறகு மேசையில் கிடந்த புத்தகத்தில் அந்த வருடத்துப் படத்தை எடுத்து, அடியில் இருந்த குறிப்பைப் படித்தாள். ஆகஸ்டில் இணைந்தது என்று அதில் சின்ன எழுத்தில் இருந்தது. அவள் முகம் மாறியது.

"இத பாருங்கம்மா. குடும்பத்துக்கு ஒரே கணக்குதான். ஒருத்தருக்குப் படம், ஒருத்தருக்குத் தேதின்னு நான் எழுத முடியாது. தேதின்னு எழுதினா உங்க பேரை வெளியேத்தற பட்டியல்ல சேர்க்கணும். இது தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரியும்."

தம்பிக்கு முதலில் புரியவில்லை. அட்டையைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், விரல் விட்டு எண்ணினான். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"வேணாம் மேடம். படத்துல இருக்கறபடியே இருக்கட்டும். நான் போறேன்."

"உட்காருடா."

"நீ சும்மா இரு அக்கா. அங்க போனா யாரைத் தெரியும் உனக்கு? நான் எங்க போனாலும் லிஃப்ட் இருக்கும், பிழைச்சுக்குவேன்." அவன் குரல் இறங்கியது. "பாப்பாவும் சின்னவதானே. என் முகமெல்லாம் ஞாபகம் இருக்காது. சீக்கிரம் மறந்துடுவா."

அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கு அதைக் கேட்டதும் காலையிலிருந்து இருந்த பரபரப்பெல்லாம் வடிந்துபோனது.

"தேதின்னே எழுதுங்க மேடம்" என்றாள்.

அதிகாரி எழுத ஆரம்பித்தாள். "அக்கா" என்று பின்னாலிருந்து தம்பி கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயமாக இருந்தது.