முன்சக்கரத்து ஆட்டம்

மருதப்பனுக்கு முகைதீனைக் கண்டாலே ஆகாது. ஏன் என்று கேட்டால் பத்துக் காரணம் சொல்வான், பத்தும் பொய். வெற்றிலை போட மாட்டான், நடுவகிடு எடுத்துச் சீவுகிறான், எதற்கும் சிரிக்கிறான் என்று அடுக்குவான். உண்மைக் காரணம் ஒன்றுதான். தேக்காக் கடைத்தெருவில் மாட்டுத் தீவனமும் குதிரைப் புல்லும் விற்கும் அப்துல் முத்தலிப் மரைக்காயர் பதினெட்டு வருடமாக எதற்கெடுத்தாலும் "மருதப்பா" என்று கூப்பிட்டவர், இப்போது "முகைதீன்" என்று கூப்பிடுகிறார்.

மரைக்காயரின் மாட்டுவண்டிகளுக்குச் சக்கரம் செய்யும் தச்சனாகத்தான் மருதப்பன் கடைக்கு வந்தான். ஒரு தோட்டத்துத் துரை தேய்ந்துபோன சின்ன லாரியை விற்க, மரைக்காயர் அதை வாங்கிப்போட்டார். மருதப்பன் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டியே மோட்டார் வேலையைக் கற்றுக்கொண்டான். யாரும் சொல்லித் தரவில்லை என்பதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. பினாங்கிலிருந்து முகைதீன் டிரைவராக வந்து சேர்ந்த அன்று அந்தப் பெருமைக்குச் சனி பிடித்தது. வந்தவனுக்கு ஓட்டவும் தெரியும், பிரிக்கவும் தெரியும். போதாக்குறைக்கு மருதப்பனின் மனைவி மங்களம், "அந்தப் பிள்ளை எவ்வளவு மரியாதையாப் பேசுது" என்று ஒருநாள் சோறு போடும்போது சொல்லிவைத்தாள். அன்று அவன் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான்.

இந்த நிலையில்தான் லாரிக்கு ஆட்டம் கண்டது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. கொஞ்சம் வேகம் எடுத்து, ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும். முன்சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாக வெட்டி உதறும். ஸ்டீயரிங் கையில் நிற்காது. விளக்குகள் கழன்று விழுவதுபோல் குலுங்கும். வண்டியை அடியோடு நிறுத்தினால்தான் ஓயும். பந்தயத் திடல் லாயத்துக்குப் புல் கொண்டுபோன ஒரு காலையில் ஸ்டீயரிங் உதறியதில் முகைதீனின் கட்டைவிரல் பிசகி வீங்கிவிட்டது.

"ஓட்டுறவன் கை சரியில்லைன்னா வண்டி ஆடத்தான் செய்யும்" என்றான் மருதப்பன், மரைக்காயர் காதில் விழும்படி.

"கையில ஒண்ணுமில்லைண்ணே. முன்னால எங்கேயோ கோளாறு இருக்கு" என்றான் முகைதீன்.

மரைக்காயர் இருவரையும் பார்த்தார். "அடுத்த மாசம் கப்பல்ல புது லாரி வருது. இதோட ஆட்டத்தை எவன் நிறுத்துறானோ, அவன் பொறுப்புலதான் புது லாரி. சண்டை போடாம போய் வேலையைப் பாருங்க."

மருதப்பனுக்கு அதற்குமேல் ஒன்றும் காதில் ஏறவில்லை. புது லாரி. அது அந்த நடுவகிட்டுக்காரன் கைக்குப் போவதைப் பார்ப்பதைவிட மரைக்காயர் கடைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை இருவரும் சேர்ந்துதான் தேடினார்கள், வேறு வழியில்லை. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள், துளி ஆட்டமில்லை. சக்கரம் திரும்புவதற்கு அச்சின் முனையில் இருக்கும் கிங் பின்னும் தேயவில்லை. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் குமிழ் மூட்டுகள் இறுக்கமாக இருந்தன. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றி ஓட்டியும் பார்த்தார்கள். சிராங்கூன் ரோட்டில் வேகமெடுத்து நான்கு கடை தாண்டுவதற்குள் லாரி பேய் பிடித்ததுபோல் உதறியது.

முகைதீன் இறங்கி, வீங்கிய விரலை ஊதிக்கொண்டே யோசித்தான். "அண்ணே, நான் வந்த புதுசுல, முனை திரும்பினதும் கையை விட்டா ஸ்டீயரிங் தானா நேருக்கு வரும். இப்ப வர்றதில்லை. திருப்பின பக்கமே நிக்குது. கடைசியா முன்னால என்ன வேலை நடந்துச்சு?"

"ஸ்பிரிங் பட்டை உடைஞ்சுது. மாத்தினேன். அதுல என்ன?"

முகைதீன் வண்டிக்கடியில் படுத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு தலையை நீட்டினான். "ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி இரும்புத் துண்டு ஏதாவது இருந்துச்சாண்ணே? ஒரு பக்கம் தடிப்பா, ஒரு பக்கம் மெலிசா?"

மருதப்பனுக்குத் தெரியும். இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்தன. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றியபோது அவற்றைப் பார்த்து, எந்த மடையன் அச்சைச் சாய்த்து மாட்டினான் என்று வைதது நினைவுக்கு வந்தது. மாட்டுவண்டிக்கு அச்சு கோணினால் சக்கரம் விளங்காது. பதினெட்டு வருடப் பழக்கம். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கிங் பின் செங்குத்தாக நிற்கும்படி பார்த்துப் பார்த்து மாட்டினான். ஆப்புகள் இரண்டும் பழைய இரும்புப் பெட்டிக்குப் போயின. அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராக இழுத்துப் பிடித்திருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது. மோட்டார் வண்டிக்கு வேறு நியாயம்.

ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும்? கண்டுபிடித்தவன் முகைதீன், கெடுத்தவன் மருதப்பன் என்று தேக்கா முழுக்கத் தெரியும். புது லாரியும் போகும், பேரும் போகும்.

"அப்படி ஒண்ணும் இல்லையே" என்றான் மருதப்பன்.

முகைதீன் அவன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். "அண்ணன் இல்லைன்னா இல்லைதான்" என்று சொல்லி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் மரைக்காயரும் முகைதீனும் ஜும்மா தொழுகைக்குப் போனார்கள். அதற்காகவே காத்திருந்த மருதப்பன் பெட்டியைக் கவிழ்த்து, ஆப்புகளைத் தேடியெடுத்து, வியர்த்து விறுவிறுத்து மாட்டி முடித்தான். முன்பு இருந்த அதே பக்கம் தடிப்பு, அதே பக்கம் மெலிசு. கெட்ட காரியம் செய்கிறோம் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. அவ்வளவு வயிற்றெரிச்சல்.

தொழுகை முடிந்து வந்தவர்களை லாரியில் ஏற்றினான். முகைதீன் ஓட்டினான். ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பள்ளம் மேடு ஒன்றுவிடாமல் இறங்கி ஏறினார்கள். லாரி குலுங்கியதே தவிர உதறவில்லை. முனை திரும்பி முகைதீன் கையை எடுத்ததும் ஸ்டீயரிங் தானாகச் சுழன்று நேரானது.

கடை வாசலில் இறங்கிய மரைக்காயர் மருதப்பனின் தோளில் தட்டினார். "அடேயப்பா! என்னதான்பா கோளாறு?"

"கிங் பின்னுல கொஞ்சம் பிசகு, முதலாளி. தட்டிச் சரிபண்ணிட்டேன்."

முகைதீன் குனிந்து அச்சைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "அண்ணன் கைவேலை சுத்தம், முதலாளி."

மரைக்காயர் கோப்பி சொல்ல உள்ளே போனார். முகைதீன் அருகில் வந்து குரலைத் தாழ்த்திப் பேசினான். "புதன்கிழமையே தெரியும்ணே. அச்சு மேல ஆப்பு உக்காந்த தடம் துருப்பிடிக்காம சுத்தமா இருந்துச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சும் ஏன் முதலாளிகிட்ட சொல்லல?"

"பதினெட்டு வருஷமா இங்க இருக்கீங்க. நேத்து வந்த நான் எப்படிச் சொல்றது? புது லாரியை நீங்களே பாத்துக்குங்க. நான் ஓட்டினாப் போதும்." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஜெயித்த மனிதன் குளிர்ந்திருக்க வேண்டும். மருதப்பனோ உச்சந்தலை வரை எரிந்தான். தொழில் தெரிந்தவன் என்ற பேர் முகைதீனுக்கு. மரியாதை தெரிந்த பிள்ளை என்ற பேர் அவனுக்கு. இப்போது விட்டுக்கொடுத்த மகராசன் என்ற பேரும் அவனுக்கேவா? இனி புது லாரியில் கை வைக்கும் ஒவ்வொரு நாளும் அது முகைதீன் போட்ட பிச்சையாகவே இருக்கும். திருடியதை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான், தானமாக வாங்க முடியவில்லை.

"முதலாளி!" என்று கத்தினான். மரைக்காயர் பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"கோளாறு வண்டியில இல்லை, நான் பண்ணினது. அச்சுல இருந்த ஆப்பைக் கழட்டிப் போட்டது நான்தான். இவன் புதன்கிழமையே கேட்டான். இல்லைன்னு பொய் சொன்னேன். நீங்க தொழப் போன நேரம் பாத்து எடுத்து மாட்டினேன்."

தெருவில் போன ஒரு பால்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். மரைக்காயரின் முகம் சுண்டிப்போனது. "அந்த லாரியில ஏறினவன் உயிரு என்ன ஆகியிருக்கும், மருதப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. "புது லாரி முகைதீன் பொறுப்பு. நீ பழையதைப் பாத்துக்க."

"இல்லை முதலாளி, அண்ணனே வச்சுக்கட்டும். இல்லாட்டி ரெண்டு பேருமா…" என்று முகைதீன் முன்னால் வந்தான்.

மருதப்பன் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வாயை மூடு! லாரியை எடுத்துக்கோ, பேரை எடுத்துக்கோ. உண்மையைச் சொன்னவன் நான்டா. இதையாவது எனக்கு விட்டு வை."