தாராக்கள் போன பக்கம்

வலையைத் தூக்கிப் பார்த்ததும் செய்னுலாப்தீனுக்கு நெஞ்சு விழுந்துபோயிற்று. தாராக்கள் அகப்பட்டுத்தான் இருந்தன. ஆனால் ஒன்றாவது சிறகடிக்க வேண்டுமே! எல்லாம் கழுத்தைத் தண்ணீருக்குள் தொங்கப் போட்டுக்கொண்டு செத்துக் கிடந்தன.

தை மாதத்து வாடைக் காற்று அவருடைய சின்ன வள்ளத்தைப் போட்டு ஆட்டியது. விடியற்காலைப் பனிமூட்டத்தில் கடலோரக் களப்பின் கரை தெரியவில்லை. பக்கத்தில் வலை கட்டும் கண்டக்குழி ஊர்க்காரன் அன்ரனிப்பிள்ளை நேற்றுப் பின்னேரமே அண்ணன் முறை வைத்துச் சொன்னான்: "நானா, வாடைக்கு இஞ்ச தண்ணி ஏறும். வலைய உசத்திக் கட்டுங்கோ." நல்ல இடத்தைவிட்டுத் தன்னைக் கிளப்பப் பார்க்கிறான் என்றுதான் இவர் நினைத்தார். இந்தத் தாராக்கள் கடல் கல்லாக உறைகிற நாட்டிலிருந்து வருகின்றன, அங்கே பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு வள்ளத்தில் போய் இவற்றைச் சுடுவார்கள் என்று சொன்னவனும் இதே ஆள்தானே. உப்புத் தண்ணீர் உறையுமாம்! தாரா வடக்கே தன் ஊர் எருக்கலம்பிட்டியிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் முஸ்லிம்களெல்லாம் உடுத்த துணியோடு துரத்தப்படும்வரை ஒவ்வொரு மாரிக்கும் அங்கேதான் அதைக் கண்டிருக்கிறார்.

வீட்டில் மனைவி ஜுனைதாவுக்குக் காய்ச்சல் விட்டும் வாய்க்கு ருசி திரும்பவில்லை. கஞ்சியை நீட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். சண்டை முடிந்து எத்தனையோ பேர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அவளுடைய இடுப்பு இனி பஸ்ஸில் குந்தியிருக்க விடாது. அப்படிப்பட்டவள் முந்தாநாள் தானாக வாய் திறந்தாள்: "ஊருல ஆக்கின மாதிரி ஒரு தாராக் கறி தின்னோணும்."

கொழுத்த ஒன்றை வலையிலிருந்து எடுத்தார். இறகுக்கு அடியில் இன்னும் சூடு இருந்தது. உயிரோடு பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால்தான் ஹலால். ஆனாலும் கத்தியை எடுத்து அதன் கழுத்தில் வைத்தார். இந்த மூட்டத்துக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

"துடிக்குதா, நானா?"

அன்ரனிப்பிள்ளையின் வள்ளம் பக்கத்தில் நின்றது.

"உனக்கென்ன?"

"எனக்கொண்டுமில்ல. அக்கா பாவம். நான் அங்கால திரும்பி நிக்கிறன், நீங்க அறுங்கோ."

சொன்னபடியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான் மனுசன். செய்னுலாப்தீன் வாயைத் திறந்தார். பிஸ்மி வரவில்லை. கத்தியை இடுப்பில் செருகிவிட்டுத் தாராக்களை ஒவ்வொன்றாக மற்ற வள்ளத்துக்குள் எறிந்தார்.

"உன்ட பொஞ்சாதி யூஜீனியாட்ட குடு. உங்களுக்குச் செத்ததும் கறிதானே."

"நான் நேத்தே சொன்னனான், உசத்திக் கட்டச் சொல்லி…"

"வாயப் பொத்து."

வீட்டுக்கு வந்து வெறும் பையை வாசலிலேயே போட்டார். பையின் சத்தத்திலேயே ஜுனைதாவுக்கு விளங்கிவிட்டது. அடுப்பிலிருந்து கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். அப்போதுதான் கூரைக்கு மேலே அந்தக் கரகரத்த சத்தம் கூட்டமாகப் போயிற்று.

அவள் தலையைத் தூக்கினாள். "தாராவெல்லோ?"

"ஓம்."

"எங்கட ஊருப் பக்கமாவா போகுது?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். ஒருவர் சொல்லையும் லேசில் நம்பாதவர், தானும் ஒருவருக்குப் பொய் சொல்லாதவர்.

"ஓம்," என்றார். "நேரா எருக்கலம்பிட்டிக்குத்தான்."

உள்ளே கரண்டி கோப்பையில் தட்டும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தென்னை மரங்களுக்கு மேலால், சிலாபத்துப் பக்கம், தெற்கே தெற்கே தாராக்கள் சிறுத்துக்கொண்டு போயின.