மாப்பிள்ளை ஏறிய கார்

பத்து வருஷமாக அந்தத் தெருவின் மாப்பிள்ளைகள் எல்லாரும் ஊர்வலம் போனது நூகுவின் கூரையில்லாத பழைய காரில்தான். இன்று மாப்பிள்ளை இப்ராஹிம் ஏறியதோ, மதார் சாகிப் சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கிய புதுப் பிரெஞ்சுக் காரில். நூகுவுக்கு வயிறு எரிந்தது. காலி வண்டியைப் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தான்.

"ஸ்டீயரிங்கு இடப்பக்கம் இருக்கு. அதெல்லாம் ஒரு காரா?" என்று வழியெல்லாம் கேட்டான். யாரும் காதில் வாங்கவில்லை.

பெண் வீடு வந்தது. மாடி ஜன்னல்களில் காத்திருந்த பெண்களுக்குத் தெரிந்ததெல்லாம் பளபளக்கும் கார்க் கூரைதான்.

"மாப்பிள்ளை எங்கங்க? டாப்பையா பாக்க வந்தோம்?" பெண்ணின் பெரியம்மா அஜீசுன்னிசா மேலிருந்து குரல் கொடுத்தாள். "நூகு தம்பி காருல ஏத்துங்க! இன்னொரு சுத்து வரட்டும்!"

நூகு துள்ளி இறங்கிக் கதவைத் திறந்தான். மாலையும் கழுத்துமாக இப்ராஹிம் வந்து உட்கார, ஜன்னல்களில் குலவை எழுந்தது. மதார் சாகிப்பைப் பார்த்து நூகு நீளமாக ஒரு ஹார்ன் அடித்தான்.

தெருமுனையில் மாப்பிள்ளை, அண்ணனிடம் கேட்கும் உரிமையோடு நூகுவின் காதருகே குனிந்தான்.

"நானா, மதார் நானா காரு என்னா வேகம் போவும்? வாங்குனா அதத்தான் வாங்கணும்."

நூகு ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தான். முன்னால் போன பேண்டுக்காரர்கள் வாத்தியத்தோடு சாக்கடையில் குதித்தார்கள்.