வாய் மூடியதும் ஒரு கைதட்டல்

அன்று காலை அவள் என்னிடம் கேட்டது கொஞ்சம் துண்டுக் காகிதம். நான் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் கட்டிங் மெஷினில் நிற்பவன். புத்தகத்தின் ஓரங்களைச் சீவும்போது விழும் காகித நாடாக்கள் எங்களுக்குக் குப்பை. அவளுக்கு அவை வேலை மேசையில் பீங்கான் தூள் துடைக்கும் சாமான். என் மனைவி ஒரு பல் லேபில் பொய்ப்பல் செய்கிறவள்.

"மறக்காம கொண்டு வாங்க. போன தடவை கலர் அட்டையைக் கொண்டு வந்து என் தலையில கட்டிட்டீங்க. வெள்ளை மட்டும் போதும்."

"அதிகாரம் பறக்குது."

"குப்பையைத்தானே கேக்குறேன், தங்கமா கேட்டேன்?"

ரொட்டியைக் கடித்துக்கொண்டே கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஒரு பாட்டு வீடியோ, பாதியில் நிறுத்தியிருந்தது. திரை முழுக்க ஒரு பெண்ணின் திறந்த வாய். "பாருங்க, பல்லு எப்படி நிக்குதுன்னு." பார்த்தேன். நன்றாகத்தான் நின்றது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மதியம் சாப்பிட எழுந்தவள் மேசையருகிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். இதயம் நின்றுவிட்டது. லேபிலிருந்து ஃபோன் வந்தபோது நான் வெள்ளைக் காகிதத்தைக் கட்டாக்கி நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தத் திறந்த வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐம்பது வயதைத் தாண்டும்வரை எங்களுக்குப் பாட்டு என்பது பக்கத்து வீட்டிலிருந்து வருவது. பிறகு அவளுடைய தம்பி, லிஃப்ட் பழுது பார்ப்பவன், அக்காவுக்குப் புதுக் கைபேசி வாங்கிக் கொடுத்து அதில் வீடியோ பார்க்கவும் பழக்கிவிட்டான். "கொள்ளிக்கட்டையை எடுத்து நானே தலையைச் சொறிஞ்சுட்டேன் மாமா" என்று பின்னால் என்னிடம் புலம்பினான். பார்த்ததையெல்லாம் அவள் அவனுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தாள். அவன் பார்த்தானா என்று சாயங்காலம் விசாரணை வேறு.

பாடகரின் முகம், உடை, ஆட்டம் எதுவும் அவள் கண்ணில் படாது. பல்தான். "இவருக்கு மேல் வரிசை முழுக்க செட்டு. லேசா ஆடுது, அதான் உதட்டை இறுக்கிட்டே பாடுறாரு." "இந்தப் பையன் தூக்கத்துல பல்லைக் கடிப்பான், பந்தயம் கட்டுறீங்களா?" பாடகர் தேர்வுக்கு அவளை அனுப்பியிருந்தால் பாதிப் பேருக்கு வாய்ப்புப் போயிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள் கூவினாள்: "ஏங்க! இங்க வாங்க! இது என் பல்லு!"

ஒரு சலவைக் கடையில் எடுத்த வீடியோ. இயந்திரங்களுக்கு நடுவே ஒரு குழு நின்று வாசிக்கிறது. முன்னால் பாடுபவருக்குப் பின்னால் சேர்ந்திசைக்கு இரண்டு பெண்கள். இடப்பக்கத்துப் பெண்ணின் மேல் முன்பல் ஒன்றைத்தான் அவள் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"உன் பல்லா? பேரு எழுதியிருக்கா?"

"பக்கத்துப் பல்லு ஓரத்துல சின்னதா ஒரு உடைசல் இருந்துச்சு. ஜோடி சேரணும்னு இதுலயும் அதே மாதிரி ஒரு உடைசல் வெச்சேன். டாக்டரு திட்டினாரு, புதுப் பல்லை ஏம்மா உடைக்கிறேன்னு. நான் மாத்த மாட்டேன்னுட்டேன். தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

செய்து கொடுத்த பல் யார் வாய்க்குப் போகிறது என்று லேபில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வாயில் எடுத்த மாவு அச்சு வரும், ஒரு எண் வரும், பல் போகும். இத்தனை வருடத்தில் அவள் தன் பல் ஒன்று ஒரு வாயில் தெரிந்து மறைவதைப் பார்த்தது அன்றுதான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பொய்ப்பல் என்பது வைத்திருப்பவரின் இரகசியம், செய்தவரின் பெருமை அல்ல என்பது அவள் கட்சி. தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் நேரில் போகத் தொடங்கினோம். அந்தக் குழு பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை அரங்கமாக்கி, மாதம் ஒரு சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தது. நாற்காலி கிடையாது. இளசுகளுக்கு நடுவே முண்டியடித்து அவள் முன்னால் போய் நின்றுகொள்வாள். நான் பின்னால் கதவோரம், சட்டைப்பையில் மடித்து வைத்த பாரத்தை எடுத்து வாசிப்பேன். அச்சாகி மடித்த பதினாறு பக்கத்தை நாங்கள் பாரம் என்போம். என் படிப்பெல்லாம் இப்படித்தான். பல கதைகளின் நடு எனக்குத் தெரியும். "முடிவு என்னங்க?" என்று கேட்பாள். "அடுத்த பாரம் இன்னும் மெஷினை விட்டு இறங்கலை" என்பேன்.

பல்லைப் பார்க்கப் போனவள் மெல்ல மெல்லப் பாட்டிலும் விழுந்துவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது மெட்டை முனகிக்கொண்டே வருவாள். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. பாட்டு முடிவதற்கு முன்பே கைதட்டிவிடுவாள். கிட்டார் இன்னும் இழைந்துகொண்டிருக்கும், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும், முன்வரிசையிலிருந்து 'பட் பட் பட்' என்று தனியாக ஒரு கைதட்டல். தினமும் பீங்கானைத் தேய்த்து உரமேறிய கை. சத்தம் சுவருக்குப் போய்த் திரும்பும்.

"அவசரக்கா வந்தாச்சு டோய்!" என்று பையன்கள் சிரிப்பார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் முதலில் முறைத்தார், பிறகு குச்சியை ஆட்டி வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். நான் பாரத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

"முடியட்டுமே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்தப் பொண்ணு வாயை மூடிடுச்சுங்க. பல்லு உள்ள போயிடுச்சு. இதுக்கு மேல என்ன முடியணும்?"

அவள் போவதற்கு முந்தின நிகழ்ச்சியில்தான் கேமராக்கள் வந்திருந்தன. அன்று இடப்பக்கத்துப் பெண் முதன்முறையாக முன்னால் வந்து தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். என் மனைவியின் முதுகு அன்று எவ்வளவு நிமிர்ந்து நின்றது என்பதைக் கதவோரத்திலிருந்தே பார்த்தேன். அன்றும் முந்திக்கொண்டுதான் தட்டினாள்.

அவள் போன பிறகு வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை. ஒரு சாயங்காலம் மைத்துனன் வேலை உடையோடு, கையில் கிரீஸோடு வந்து நின்றான்.

"மாமா, உக்காருங்க. ஒண்ணு காட்டணும்."

குழு அந்தத் தனிப்பாட்டின் கடைசிப் பகுதியை மட்டும் முன்னோட்டமாக வெளியிட்டிருந்தது. அந்தப் பெண் கண்ணை மூடிப் பாடினாள். கடைசிச் சொல் இறங்கியது. உதடுகள் சேர்ந்தன. 'பட் பட் பட்.'

அவள் முகம் எங்கேயும் இல்லை. இருட்டில் தலைகள்தான் தெரிந்தன. அந்தச் சத்தம் மட்டும் வந்தது. மைத்துனன் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக் கறுப்பாக்கிக்கொண்டான். "அக்காதான் மாமா" என்றான். ஆமாம் என்றேன்.

எங்களிடம் அவள் குரல் பதிவு எதுவும் இல்லை. அடுத்தவர் பாடுவதை அனுப்புகிறவள் தான் பேசி எதையும் அனுப்பியதில்லை. இதுதான் அவள் எழுப்பிய சத்தம் என்று எங்களுக்கு மிச்சம்.

கீழே பார்வையாளர்கள் எழுதியிருந்தார்கள். யாருய்யா அது, நல்ல பாட்டைக் கெடுக்கிறது? குழு பதில் சொல்லியிருந்தது: மன்னிக்கவும், முழு வீடியோவில் இதை நீக்கிவிடுவோம்.

"நீக்கிடுவாங்களாம் மாமா" என்றான் மைத்துனன்.

அடுத்த நாள் மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு அச்சகத்திலிருந்து கிடங்குக்குப் போனேன். பகலில் அது வெறும் கிடங்காகத்தான் இருந்தது. ஒலிப்பதிவாளர், தாடி வைத்தவர், கேபிளை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கைதட்டலா? அதோட மல்லுக்கட்டி இப்பத்தான் ஜெயிச்சேன் சார். ஒத்திகையில வாசிச்ச கிட்டாரை எடுத்து அந்த இடத்துல ஒட்டிட்டேன். கேளுங்க, தெரியவே தெரியாது."

கேட்கவைத்தார். கடைசிச் சொல், கிட்டார், நீண்ட அமைதி, பிறகு அரங்கமே அதிரும் கைதட்டல். மிகச் சுத்தமாக இருந்தது. அவள் அன்று அங்கே வரவே இல்லாதது போல இருந்தது.

"இதை அப்படியே விட முடியாதுங்களா?"

"எதை?"

"பழசை. கைதட்டலோட."

அவர் கேபிளைக் கீழே வைத்தார். "ஏன் சார்?"

"தட்டினது என் மனைவி. இப்ப இல்லை."

தாடியைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமில்ல சார். ஆனா இது அந்தப் பொண்ணோட முதல் தனிப்பாட்டு. முடிவு அவங்களுது. உள்ளதான் இருக்காங்க, கேட்டுப் பாக்குறீங்களா?"

அந்தப் பெண் தேநீர்க் கோப்பையோடு வந்தாள். சிரித்தாள். பல் இருந்தது. வெளிச்சத்தில், கை நீட்டும் தூரத்தில், முதன்முறையாக அந்த உடைசல் எனக்கும் தெரிந்தது.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "வருத்தமா இருக்கு சார். அவங்களை எனக்கு நல்லாத் தெரியும், எப்பவும் முன்னாடி நிப்பாங்க. ஆனா இது என் பாட்டு சார். இதுக்காக எத்தனை வருஷம் பின்னாடியே நின்னேன்னு எனக்குத்தான் தெரியும். யாரோ சிரிக்கிற மாதிரி அது முடிய வேண்டாம்."

அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஓரம் கோணலாகச் சீவின புத்தகத்தை நான் என் பெயரில் வெளியே அனுப்புவேனா? பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது. பக்கத்தில் தாடிக்காரர் நின்றார். சத்தியமும் நின்றது.

"ஒரே ஒரு தடவை பழசைப் போடச் சொல்லுங்க" என்றேன். "பாட்டைக் கேக்க வேண்டாம். உங்க வாயைப் பாருங்க."

போட்டார். அவள் திரையையே பார்த்தாள். உதடுகள் சேர்ந்தன. பட் பட் பட். "இன்னொரு தடவை" என்றாள். மறுபடி போட்டார்.

"நான் முடிச்ச இடத்துலதான் தட்டுறாங்க" என்றாள் மெல்ல.

"ஆமாம்மா."

"மத்தவங்க எல்லாம் கிட்டாருக்குக் காத்திருந்து தட்டியிருக்காங்க. இவங்க எனக்குத் தட்டியிருக்காங்க."

தாடிக்காரர், "கிட்டார்காரன் காதுல விழுந்துடப் போகுது" என்று சொல்லிவிட்டு, சுற்றிய கேபிளோடு உள்ளே போனார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏன் சார் என் வாயையே பாத்துட்டிருந்தாங்க?"

"வேலை அப்படி."

"என்ன வேலை?"

நான் அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தியத்தில் என் மனைவியின் வேலையைச் சொல்லக் கூடாது என்று இல்லை.

"பல் செய்யற வேலை."

அவள் கை சட்டென்று வாய்க்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். மேடையில் சிரிப்பதைவிடப் பெரிய சிரிப்பு. கண் மட்டும் நனைந்திருந்தது.

"டாக்டர் சொன்னாரு, லேப்ல ஒரு அம்மா மாத்த மாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்கன்னு" என்றாள். "நல்லவேளை மாத்தலை."

தாடிக்காரர் திரும்பி வந்ததும் அவரிடம், "அண்ணா, ஒட்டினதை எடுத்துடுங்க" என்றாள். "விளையாடுறியா? உயிரைக் கொடுத்து ஒட்டினேன்" என்றார் அவர். "இன்னொரு டீ வாங்கித் தர்றேன்" என்றாள்.

முழு வீடியோ வெளிவந்துவிட்டது. மைத்துனன் தினம் ஒரு தடவையாவது பார்ப்பான் என்று நினைக்கிறேன், சொல்ல மாட்டான். நான் காலையில் ரொட்டி தின்னும்போது பார்க்கிறேன். என் மனைவி பார்த்தவை ஒவ்வொன்றையும்கூட இப்போது தேடிப் பார்க்கிறேன். பல் ஆடும் பாடகர் உண்மையிலேயே நன்றாகப் பாடுகிறார், அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வெள்ளைக் காகிதக் கட்டு, நூல் அவிழ்க்காமல், அலமாரியில் இருக்கிறது.

வீடியோவுக்குக் கீழே இப்போதும் யாராவது புதிதாக வந்து திட்டிவிட்டுப் போகிறார்கள். குழுவிலிருந்து யாரும் பதில் சொல்வதில்லை. அந்தப் பெண் பாடுகிறாள், கடைசிச் சொல்லை இறக்குகிறாள், வாயை மூடுகிறாள். கைதட்டல் வந்துவிடுகிறது. கிட்டார் இன்னும் முடிந்திருக்கவில்லை.