எட்டாம் மாடி ஜன்னல்

லொரைனுக்கு வலது தோள் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. ஐந்து நாளாக அப்பாவைத் தூக்கித் தூக்கிப் படுக்கவைத்த தோள். இப்போது அதே கையால் குழிந்த அலுமினியத் தட்டு ஒன்றைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் மேல."

"தூக்கிட்டுத்தான்பா இருக்கேன். கை போயிரும் லா."

"போகாது. புடி."

சமையலறை வாசல்வரை இழுத்துப்போட்ட கட்டிலில், காதில் ஹெட்போனோடு கிடந்தார் பெர்னார்ட். இன்றைக்கோ நாளைக்கோ என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

தட்டு அவர் கையால் செய்தது. தூரத்துச் சத்தம் அந்தக் குழியில் விழுந்து நடுவிலிருக்கும் மைக்கில் குவியும். எந்தப் பக்கம் திருப்பினால் அதிகம் கேட்கிறதோ அங்கேதான் சத்தம் இருக்கிறது. கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் இதை வைத்துத்தான் காற்றுக் குழாய்களில் கசிவு பிடித்தார். நாற்பதடி உயரத்தில் எந்த மூட்டு விட்டிருக்கிறது என்று தரையில் நின்றே விரலை நீட்டுவார். அங்கே சாரம் கட்டுவார்கள். ஒரு தடவைகூட அதைப் பிரித்து மாற்றிக் கட்டியதில்லை. இதை அவர் சொல்லமாட்டார். கூட வேலை பார்த்தவர்கள் சொல்லுவார்கள். பக்கத்தில் நின்று கேட்கும் லொரைனுக்கு நெஞ்சு நிமிரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தட்டு மேல்வீட்டைக் காட்டியது. காலையும் சாயங்காலமும் 'உய்ய்' என்று எதையோ அரைக்கிற சத்தம். எட்டாம் மாடி சமையலறை ஜன்னலில் அது உச்சத்துக்குப் போனது. மேல்வீட்டார் ஊருக்குப் போன மாதம் சத்தமும் நின்றது. வேறென்ன சாட்சி வேண்டும்? பெர்னார்ட் புகார் எழுதினார். குடியிருப்பு அதிகாரி இரண்டு தடவை வந்து போனார். மேல்வீட்டு சாமுண்டீஸ்வரி கிரைண்டரை விற்றுவிட்டுக் கடை மாவு வாங்கித் தோசை சுட்டாள். சத்தம் நிற்கவில்லை.

"வித்துட்டேன்னு பொய் சொல்றா" என்றார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது.

இன்றைக்கு இவர்கள் ப்ளாக்கில் மட்டும் வயரிங் வேலை. ஐந்து மணிவரை கரண்ட் இல்லை, லிஃப்டும் இல்லை. விசிறி நின்ற அமைதியில், மூன்றரை மணிக்கு அதே 'உய்ய்' வந்தது. கண்மூடிக் கிடந்தவர் விழித்தார்.

"கரண்ட் இல்லாம எப்படிம்மா அரைக்கிறா? தட்ட எடு."

எடுத்தாள். பேட்டரியில் ஓடுகிற சாமான்.

"எங்க காட்டுது?"

"அவங்க ஜன்னலத்தான்பா. வெளிப்பக்கமா தொறந்து கெடக்கு."

"கண்ணாடிக் கதவா?"

"ஆமா."

பெர்னார்ட் ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டார்.

"அத விடு. எதிர்ப் பக்கம் திருப்பு. பக்கத்து ப்ளாக் மொட்டை மாடி."

"தண்ணித் தொட்டி ரூமா?"

தட்டைத் திருப்பியபடி அவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் ஹெட்போனைக் காதிலிருந்து தள்ளினார். அவ்வளவு சத்தம்.

"பம்ப்பு. பேரிங் தேஞ்சு போச்சு. அங்கருந்து வந்து அவ கண்ணாடியில பட்டு நம்ம வீட்டுக்குள்ள திரும்புது. சமைக்கத் தொறந்தா கேக்கும். சாத்துனா நிக்கும்." மூச்சு வாங்கினார். "நான் தப்பா புடிச்சிட்டேன்."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து லொரைன் கேட்டதே இல்லை. குரலைத் தாழ்த்தாமல், சூப்பர்வைசரிடம் ரிப்போர்ட் கொடுப்பதுபோல் சொன்னார்.

"நான் படியேறிப் போய்ச் சொல்லிட்டு வரேன்பா."

"நீ யாரு சொல்ல? புடிச்சவன் நான். லிஃப்ட் வரட்டும், வீல்சேர்ல ஏத்து. கோயிலுக்குப் போடற வெள்ளைச் சட்டைய எடு."

"தொரத்தி விட்டாங்கன்னா?"

"விடட்டும். அவளுக்கு உரிமை இருக்கு."

சட்டையை மாட்டினாள். எலும்பில் மாட்டியதுபோல் தொங்கியது. நாலே காலுக்கு மூன்றாவது பொத்தானைப் போடும்போது நெஞ்சு ஏறியது. இறங்கவில்லை.

அவள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டது திறந்த ஜன்னல் வழியாக மேலே போயிருக்க வேண்டும். முதலில் வந்தது சாமுண்டீஸ்வரிதான். இரண்டு வருஷமாக மிதிக்காத வாசலை யோசிக்காமல் தாண்டினாள். அவர் கண்களை மூடிவிட்டாள், துண்டைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள், காலை நேராக்கினாள். பிறகுதான் சட்டையைப் பார்த்தாள்.

"அங்கிள எங்கயாச்சும் கெளப்பிட்டு இருந்தியா?"

"உங்க வீட்டுக்குத்தான்க்கா."

லொரைன் எல்லாவற்றையும் சொன்னாள். பம்ப், கண்ணாடி, எதையும் விடவில்லை. சாமுண்டீஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பக்கத்து ப்ளாக்கின் உச்சியைப் பார்த்தபடி நின்றாள்.

"யாரு கண்டுபுடிச்சா?"

"அப்பாதான். படுத்துக்கிட்டே." அழுகைக்கு நடுவிலும் லொரைனின் முதுகு நிமிர்ந்தது. "அவருக்குப் பதிலா நான் உங்ககிட்ட மன்னிப்பு..."

"வேணாம், லொரைன். நீ கேக்காத." குரலில் கோபமில்லை. "அவரே வரேன்னு சொன்னாரில்ல. அது அவரு கேக்க வேண்டியது."

குனிந்து மிச்சமிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

மேல்வீட்டுக்கு பெர்னார்ட் தர வேண்டியது ஒரு மன்னிப்பு. அது பாக்கி.