அட்டை மறைத்த நாலு நிமிடம்

பல்தசார் பென்சில் முனையை நாக்கில் தொட்டு இன்னொரு கோடு போட்டார். முத்தம் ஒன்று, கெட்ட வார்த்தை மூன்று, வாயு விடுவது ஆறு. வாயுவுக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது. அவராகவே ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்துகொண்டார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் அல்லவா, எந்த விபத்தையும் எழுதாமல் விடமாட்டார்.

இலோய்லோ நகரில் எங்கள் பள்ளியில், வருடக் கடைசியில் பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுவார்கள். பெற்றோர் மூன்று பேர் அதை முன்னதாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருடம் பல்தசார், கோயில் பாட்டுக் குழுவை நடத்தும், ஊரே மானாங், அதாவது அக்கா, என்று கூப்பிடும் கிரெசென்சியா, மூன்றாவதாக நான். படத்தில் ஐந்து பள்ளிப் பிள்ளைகள் ஒரு நடன விருந்துக்குப் போய்ப் படாத பாடு படுகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பார்க்கலாமா கூடாதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். என் மகள் லாலி ஏழாம் வகுப்புதான்.

மூன்று வாரமாக லாலி தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறாள். கேட்டால் "நான் என்ன குழந்தையா?" என்கிறாள். போன வாரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவளுடைய பள்ளிப் பாவாடையைப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் கசக்கிக் கசக்கி நிறமே வெளுத்திருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. அவள் வயதில் நானும் என் அம்மாவிடம் சொன்னவள் இல்லை, அதனால் கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் வலித்தது.

திரையில் நடனம் உச்சத்துக்குப் போயிருந்தது. கதாநாயகியின் வெள்ளைப் பாவாடையில் கறை. சுற்றி நின்ற பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பல்தசார் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். மானாங் ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்தினார்.

"மாதாவே! இதையெல்லாம் பசங்களும் பொண்ணுங்களும் ஒண்ணா உக்காந்து பாக்குறதா?"

"அப்ப வேண்டாம்னு எழுதிடலாமா, மானாங்?" என்றார் பல்தசார், மின்விசிறியிடம்.

"மொத்தமா வேண்டாம்னா பிள்ளைங்க ஏங்கிப் போயிடும். இந்த நாலு நிமிஷத்த மட்டும் தள்ளிவிட்டு ஓட்டச் சொல்லுவோம். லுசிந்தா, நீ என்ன சொல்றே?"

எனக்கு எங்கள் கன்னியாஸ்திரி ஆசிரியை சிஸ்டர் பெர்பெத்துவாவின் அட்டை ஞாபகம் வந்துவிட்டது.

இதே ஹால்தான். எனக்குப் பன்னிரண்டு வயது, அப்போது இது பெண்கள் பள்ளி. வெள்ளிக்கிழமை மதியம் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டுவார்கள். புரொஜெக்டர் கடகடவென்று ஓடும். பக்கத்தில் சிஸ்டர், கையில் பிஸ்கட் பெட்டியின் அட்டை. திரையில் இரண்டு முகங்கள் நெருங்கினால் போதும், அட்டை லென்சுக்கு முன்னால் வந்துவிடும், சத்தமும் குறைந்துவிடும். ஹால் கும்மிருட்டாகும். இருநூறு பெண்பிள்ளைகளும் கூவுவோம். என் தோழி ஓஃபெலியாவின் கை இருட்டில் என் கையைத் தேடி வந்து நசுக்கும். அவித்த கடலை வாசனை அடிக்கும் கை. நாலு நிமிடம் அப்படியே போகும். அதற்குள் நாங்கள் கற்பனை செய்ததை எடுக்க எந்த டைரக்டருக்கும் தைரியம் வராது. எவ்வளவு சந்தோஷமான இருட்டு அது! இன்றைக்கும் யாராவது ஜன்னல் திரையைச் சாத்தினால் எனக்குச் சிரிப்பு முட்டும்.

லாலியை வயிற்றில் சுமந்திருந்தபோது, மழை பெய்த ஒரு மதியம், அந்தப் படங்களில் ஒன்று டிவியில் வந்தது. அட்டைக்குப் பின்னால் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். முத்தம் இரண்டே விநாடி, அதிலும் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டது. அதன் பிறகு அந்தப் பெண் நேரே வீட்டுக்குப் போகிறாள். நடந்த எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா சிரித்துக்கொண்டே அவளுக்குத் தலை வாரிவிடுகிறாள். மீதி நேரம் முழுக்க அதுதான். சிஸ்டர் பாவம், இன்னொரு முத்தம் வந்துவிடுமோ என்று பயந்து கைவலிக்க அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அம்மாவிடம் சொல்லலாம் என்பதைத்தான் நாங்கள் பார்க்காமல் போனோம். அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"மீதியையும் போடுங்க, மானாங். பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

மானாங் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். சிரித்த பையன்களில் ஒருவன் சிரிப்பை நிறுத்தினான். தன் மேல்சட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணின் இடுப்பில் கட்டிவிட்டான். கட்டத் தெரியாமல் மூன்று முடிச்சு போட்டான். அவள் ஜீப்னி வண்டியில் வீடு வரைக்கும் அழுது, அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் கடைசியில் சிரித்தாள்.



"எனக்கு யாரும் சட்டை குடுக்கல" என்றார் மானாங், மெதுவாக.

"இதுக்கு எந்தக் கட்டத்துல கோடு போடுறது?" என்றார் பல்தசார்.

"பென்சில உள்ள வைய்யா" என்று அதட்டினார் மானாங்.

"இந்த நாலு நிமிஷத்த எடுத்துட்டா, மிச்சம் அவர் எண்ணின வாயுதான் மானாங்" என்றேன். மானாங் சிரித்துவிட்டார். 'முழுதாகக் காட்டலாம்' என்று எழுதி முதலில் நான் கையெழுத்திட்டேன். பிறகு மானாங், கடைசியில் பல்தசார்.

வீட்டுக்கு வரும்போது கோயிலில் ஆறு மணி அடித்தது. வழியில் வாங்கிய அவித்த கடலைப் பொட்டலத்தை லாலி பிரித்தாள்.

"என்னம்மா, படம் பாஸா ஃபெயிலா?"

"பாஸ். ஒண்ணும் வெட்டாம."

"அந்தப் பாவாட சீனுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கடலைத் தோலைக் குனிந்து பார்த்தாள். யாருடைய ஃபோனில் பார்த்தாய் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடலையோடு சேர்த்து விழுங்கினேன்.

"ஆமா இந்தாய், என் செல்லப் பொண்ணே, அதுவும்தான். எனக்குப் பிடிச்சதே அதுதான்."

அவள் இரண்டு கடலை உரித்தாள், இரண்டையும் என் பக்கம் தள்ளினாள்.

"அம்மா."

"ம்."

"லைட்ட அணைச்சிடேன். வெளிச்சத்துல சொல்ல வராது."

எழுந்து போய் அணைத்தேன். தட்டுத் தடுமாறித் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இருட்டில், கடலை வாசனை அடிக்கும் ஒரு சின்னக் கை என் கையைத் தேடி வந்தது.