ஜன்னலுக்குத் தெரிந்த கூடு

செக்போஸ்ட் அக்கா தன் சொந்தத் தம்பியின் லாரியையே பிடித்துவிட்டாள் என்ற செய்தி, அந்த லாரி வனத்துறை அலுவலக முற்றத்துக்கு வருவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. மலையடிவாரச் சாலையில் தடுப்புக் கம்பத்தை ஏற்றி இறக்கும் வனக்காவலர் அவள். கட்டை லாரி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேருக்கும் அக்கா. அன்று மாட்டியவனுக்கு மட்டும்தான் கூடப் பிறந்த அக்கா.

"பாஸ் எங்கடா?"

"முதலாளி நாளைக்குத் தர்றேன்னாரு."

"அப்ப வண்டிய நாளைக்கு எடுத்துட்டுப் போ. இன்னிக்கு உள்ள விடு."

"அக்கா, அம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"பிடிச்சேன்னு சொல்லுவேன். வேற என்னத்தச் சொல்ல?"

தம்பி பெரிதாகக் கவலைப்படவில்லை. மர முதலாளியின் லாரி பிடிபடுவது ஊருக்குப் புதிதல்ல. கட்டை ஏற்றிப் போக அனுமதிச் சீட்டான பாஸ் வாங்க ஆகும் செலவைவிட அபராதம் குறைவு. ஆகவே முதலாளி பாஸ் வாங்குவதே இல்லை, அபராதத்தை ஒழுங்காகக் கட்டிவிடுவார். சட்டத்தை இவ்வளவு மதிக்கிற மனிதரை வேறெங்கும் பார்க்க முடியாது. காலையில் பிடித்த லாரி மாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே போகும். அக்காவே கம்பத்தைத் தூக்கிவிட வேண்டும்.

இந்த முறை மட்டும் லாரி போகவில்லை. அபராதச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி, பறவைப் பாதுகாப்புப் பயிற்சிக்காகத் தலைமையகம் போயிருந்தார். பயிற்சி நீண்டது. அங்கே சாப்பாடு நன்றாக இருந்ததாகக் கேள்வி.

அவருக்கு ஜன்னல் சார் என்று பெயர். காரணம் உண்டு. கூடு இருக்கும் மரம் நின்றாலும் சாய்ந்தாலும், குஞ்சு பறக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று ஒரு சட்டம் வந்திருந்தது. கூடு உண்டா இல்லையா என்பதை அதிகாரி தன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் பார்ப்பார். ஜீப்பில் மலைக்குப் போய், குளிர்காற்று வெளியே போய்விடாதபடி கண்ணாடியை ஏற்றிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பார். "ஒண்ணும் தெரியலையே" என்பார். வண்டி திரும்பிவிடும். மறுநாள் ரம்பம் இறங்கும்.

பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் மேற்குச் சரிவையும் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சரிவின் முதிர்ந்த மரங்களில் இருவாட்சிகள் கூடு வைத்திருந்தன. தாய்ப் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணும் எச்சமும் குழைத்துச் சுவர் வைத்து அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீற்று மட்டும் விடும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். குஞ்சு வளரும்வரை தாய் வெளியே வராது.

"உள்ள இருக்கு சார்" என்று அக்கா அன்றைக்கு ஜீப் கண்ணாடியைத் தட்டிச் சொன்னாள்.

ஜன்னல் சார் முட்டாள் இல்லை. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார். "உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாதாம்மா? தெரியும். ஆனா சட்டம் கண்ணால பாக்கச் சொல்லுது. நான் பாத்தேன், தெரியல. இல்லாததை இருக்குன்னு எழுதச் சொல்றியா?"

போன வருஷமும் இப்படித்தான். ஒரு மரம் சாய்ந்தது, லாரியில் ஏறிப் போனது. அதற்குப் பிறகும் ஆண் பறவை அலகில் பழத்தோடு வந்து, மரம் நின்ற வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. அக்கா கம்பத்தடியில் நின்று அதைப் பார்த்து அழுதாள். சீருடையில் அழக்கூடாது என்று விதி ஏதும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வருஷம் சரிவு மொத்தமும் போகப் போகிறது. அதைத் தடுக்க அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு தடுப்புக் கம்பம். அதையும் மாலையானால் தூக்கிவிட வேண்டும்.

சரிவின் செங்குத்துப் பாதையில் ஏறக்கூடிய லாரி முதலாளியிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுதான் முற்றத்தில் நின்றது. ஏற்றிப் போக வண்டி இல்லாமல் மரத்தைச் சாய்த்துப் போட்டால் கட்டை திருடு போகும் என்று ரம்பமும் இறங்கவில்லை. அவசரத்துக்கு ஒரு வாடகை லாரியை அனுப்பிப் பார்த்தார். அது இரண்டாவது வளைவில் படுத்துக்கொண்டது. அதை இழுத்துக் கொண்டுவர இன்னொரு வாடகை ஆனது.

அதிகாரி வருவதற்குள், முற்றத்து லாரியில் குடித்தனம் வந்துவிட்டது. மேலே கிடந்த கட்டையில் ஒரு பொந்து. அதில் ஒரு மைனா ஜோடி வைக்கோலும் நூலும் கிழிந்த பாலிதீனும் கொண்டுபோய்த் திணித்து, முட்டையும் வைத்துவிட்டது.

ஜன்னல் சார் திரும்பி வந்த அன்றே முதலாளி அபராதத்தோடு வந்து நின்றார். அக்கா நடுவில் புகுந்தாள்.

"சார், லாரிக் கட்டையில கூடு இருக்கு. நகர்த்தக் கூடாது."

முதலாளி சிரித்தார். "மைனாவா? அதுக்கு என் வீட்டுக் கக்கூஸ் ஜன்னல்லகூட கூடு இருக்கு. நான் உள்ள போறதில்லையா?"

ஜன்னல் சார் சிரிக்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். மைனா ஒரு புழுவோடு வந்து உட்கார்ந்தது. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சட்டம் வந்து இத்தனை காலமாகியும் ஒரு கூட்டைக்கூட யாரும் காப்பாற்றவில்லை என்று மேலிடம் கொதித்துப் போயிருந்தது. இந்தப் பருவத்துக்குள் ஒவ்வொரு அலுவலகமும் ஒரு கூட்டையாவது காப்பாற்றிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் விளக்கம் கேட்கப்படும் என்று பயிற்சியின் கடைசி நாளில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மலையேறி, முள்ளில் மிதித்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பதா என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தவர் அவர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள். இது நழுவித் தட்டிலேயே விழுந்த மீன்.

"தெரியுதே" என்றார். அந்த அலுவலகத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை.

லாரியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். 'பாதுகாக்கப்பட்ட கூடு, அமைதி காக்கவும்' என்று பலகை வைத்தார்கள். ஜன்னல் சார் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தக் கட்டையை மட்டும் இறக்கி வைத்துவிட்டு லாரியைக் கொடுங்கள் என்று முதலாளி கெஞ்சினார். கூட்டைத் தொந்தரவு செய்வது குற்றம் என்று பதில் வந்தது. லாரியில் டயர் திருடு போகாமல் இருக்க முதலாளி தம்பியைச் சம்பளத்தோடு அங்கேயே உட்கார வைத்தார். அவன் பலகையின் நிழலில் படுத்துத் தூங்கினான்.

எல்லாம் சரி, மைனாக்குஞ்சு இருவாட்சிக்குஞ்சு மாதிரி பொறுமையாக வளராது. ஒரு விடியற்காலையில் அக்கா வந்து பார்த்தபோது குஞ்சுகள் கட்டையின் விளிம்பில் நின்று சிறகடித்தன. மறுநாள் பொந்து காலி. சரிவில் இருவாட்சிகள் இன்னும் சுவருக்குள் இருந்தன.

அடுத்த நாள் இருட்டு பிரிவதற்குள், முந்தானையில் ரொட்டித் துணுக்குகளை முடிந்துகொண்டு லாரியில் ஏறினாள். நாலு மைனா வந்து போய்க்கொண்டிருந்தால் ஜன்னலுக்கு அது போதும். பொந்தின் வாயில் கை வைத்தவள் நின்றுவிட்டாள். அங்கே ஏற்கெனவே ரொட்டி கிடந்தது.

தம்பி கீழே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவள் பார்த்ததைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான்.

"சம்பளத்தோட தூங்குறது கசக்குதா என்ன?" என்றான்.

அவள் அந்த ரொட்டியில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தாள்.

"போன வருஷம் அந்த மரத்த ஏத்திட்டுப் போனது நான்தான்கா" என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "வழியெல்லாம் பின்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம். சங்கிலி ஆடுதுன்னு நினைச்சேன். மில்லுல இறக்கும்போதுதான் பாத்தேன். உள்ளேருந்து சுவத்த உடைக்கப் பாத்திருக்கு. அலகெல்லாம் ரத்தம்."

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

அக்கா தன் முடிச்சை அவிழ்த்து அந்த ரொட்டியையும் அங்கேயே கொட்டினாள். இறங்கி வந்து அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். பலமாகத்தான் வைத்தாள்.

கொஞ்ச நாளில் முதலாளிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஒரு ஏணியோடு வந்து அதை லாரியில் சாய்த்தார்.

"குஞ்சு பறந்து எவ்வளவோ நாளாச்சு சார். வர்றது தீனிக்கு வர்ற மைனா. நீங்களே ஏறிப் பாருங்க."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஏணியில் ஏழெட்டுப் படிகள். ஏறிப் பார்த்தால் கதை முடிந்தது. ஜன்னல் சார் ஏணியைப் பார்த்தார், தன் தொந்தியைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பக்கத்தில் கூப்பிட்டு, பாசத்தோடு சொன்னார்.

"ஏறிப் பாக்கலாம், அதுக்கென்ன. ஆனா இங்க ஏறிப் பாத்தா நாளைக்கு மலையிலயும் ஏறிப் பாக்கணும்னு சொல்லுவாங்க. அங்க ஏறினா என்னென்ன தெரியுமோ, யாரு கண்டா? இத்தனை வருஷமா உக்காந்த இடத்துலேருந்து பாத்ததுல உங்களுக்கு ஏதாவது குறை வச்சேனா?"

முதலாளி ஏணியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

மழை வந்து மலைப்பாதை சேறாவதற்குள், மேற்குச் சரிவில் சுவர்கள் உடைந்தன. தாயும் குஞ்சுமாக இருவாட்சிகள் கம்பத்துக்கு மேலே பறந்து போனபோது, இறக்கைச் சத்தம் கேட்டு அக்கா வெளியே ஓடிவந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வரிசையாக லாரிகள் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று விட்டாள்.

ஜன்னல் சாருக்கு விருது கிடைத்தது. உலகத்தில் எந்தக் குறையும் இல்லாமல் பெருகிக் கிடக்கும் மைனாவைக் காப்பாற்றியதற்காக, நல்ல முதிர்ந்த மரத்தில் கடைந்த கேடயம் ஒன்று கொடுத்தார்கள். கேடயத்துக்கு மரம் யார் கொடுத்தது என்று கேட்பானேன்.

அடுத்த வருஷம் அதே பருவம் வந்தது. ஜீப் மேற்குச் சரிவுக்குப் போனது, கண்ணாடி ஏறியது, ஒன்றும் தெரியவில்லை, திரும்பியது. மேலிடத்திலிருந்து இந்த ஆண்டும் ஒரு கூடு கேட்டு உத்தரவு வந்திருந்தது. அன்று சாப்பாட்டு நேரத்தில் அம்மா இருவருக்கும் பரிமாறிவிட்டு உள்ளே போனதும், தம்பி தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அக்கா, நாளைக்குப் பாஸ் இல்லாமதான் வருவேன். பிடிப்பல்ல?"

"பிடிப்பேன். பொந்து இருக்கிற கட்டையா பாத்து மேல போட்டுட்டு வா."